கைப்பையில் கொண்டுபோன நிறம்

1975. நைரோபியில் ஒரு தெரு. பல்கலைக்கழக மாணவி ஒருவர் நடந்துபோய்க்கொண்டிருக்கிறார். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஒருவர் வழிமறித்து, இதற்கு முன்னால் உன்னை யாராவது படம் எடுத்திருக்கிறார்களா என்று கேட்கிறார். மாணவிக்குக் கடுப்பு. ஆப்பிரிக்காவில் எவரும் கேமராவையே பார்த்ததில்லை என்று இந்த வெள்ளைக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்போல என்று தோன்றுகிறது. பணம் தருகிறேன் என்கிறார் புகைப்படக்காரர். எவ்வளவு என்று கேட்கிறார் மாணவி. அவருக்குப் பல்கலைக்கழகக் கட்டணம் பாக்கி இருந்தது, 8,000 டாலர். அதைக் கட்டினால் படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். புகைப்படக்காரர் கட்டினார்.

அந்த மாணவிதான் இமான். (இமான் என்றதும் நமக்கு இசையமைப்பாளர்தான் ஞாபகத்துக்கு வருவார். இவர் வேறு.) சோமாலியாவில் பிறந்து, நியூயார்க்கில் மாடலாகி, பிறகு தன் பெயரிலேயே ஒப்பனைப் பொருட்கள் நிறுவனம் நடத்தியவர். புகைப்படக்காரர் பீட்டர் பியர்ட். கென்ய வனவிலங்குகளைப் படமெடுத்து ஏற்கெனவே பேர் வாங்கியிருந்தவர். மேலே சொன்ன சம்பவத்தை இமானே பல பேட்டிகளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

மாடலிங் என்பது பெரும்பாலும் சில வருஷத்து வேலை. பதினெட்டில் ஆரம்பித்து இருபத்தைந்தில் 'வயசாயிடுச்சு' என்று சொல்லிவிடும் தொழில். அதில் ஒரு பெண், அதுவும் ஒரு கறுப்பினப் பெண், அரை நூற்றாண்டு நிற்பது எப்படி? அழகு என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அழகானவர்கள் எத்தனையோ பேர் வந்துபோனார்கள். இமானின் கதையில் அழகைவிட முக்கியமான இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, 'எவ்வளவு?' என்ற அந்த முதல் கேள்வி. இன்னொன்று, அவர் கைப்பையில் வைத்திருந்த ஒரு ஃபவுண்டேஷன் டப்பா.

ஆடு மேய்த்த பெண்

பியர்ட் எடுத்த படங்கள் நியூயார்க்கில் வில்ஹெல்மினா ஏஜென்சிக்குப் போயின. அதை நடத்திய வில்ஹெல்மினா கூப்பர் தானே புகழ்பெற்ற மாடலாக இருந்து, 1967இல் சொந்தமாக ஏஜென்சி தொடங்கியவர். 1975 அக்டோபரில் இமான் நியூயார்க் வந்து இறங்கினார். பத்திரிகையாளர் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. ஒரு படம்கூட வெளிவராத மாடலுக்கு இவ்வளவு கூட்டம் கூடக் காரணம், பியர்ட் முன்கூட்டியே பரப்பியிருந்த கதை. வடகென்யாவின் வறண்ட காட்டில் கால்நடை மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணைத் தான் கண்டுபிடித்துக் கொண்டுவந்திருப்பதாகவும், அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்றும் சொல்லிவைத்திருந்தார்.

நிஜம் என்ன? இமான் மொகதீஷுவில் 1955இல் பிறந்தவர். அப்பா சவூதி அரேபியாவுக்கான சோமாலியத் தூதராக இருந்தவர். அம்மா மகப்பேறு மருத்துவர். இமான் எகிப்தில் விடுதிப் பள்ளியில் படித்தார். 1969இல் சியாத் பர்ரே ராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைப் பிடித்தபின் நிலைமை மாறியது. குடும்பம் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கென்யாவுக்குத் தப்பியது. அகதியாக வந்த இடத்தில்தான் நைரோபி பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படிக்கச் சேர்ந்தார். 'ஆங்கிலம் தெரியாத' அந்தப் பெண்ணுக்கு ஐந்து மொழிகள் தெரியும்: சோமாலி, அரபு, இத்தாலியன், பிரெஞ்சு, ஆங்கிலம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். ஒரு தூதரின் மகள், அரசியல் படித்த அகதி. கேட்பவருக்கு இதுவே சுவாரஸ்யமான கதைதானே? ஆனால் அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு அது செல்லுபடியாகாது. தூதரின் மகள் என்றால் அவளுக்கு அரசியல் இருக்கும், கருத்து இருக்கும். மேய்ச்சல் பெண் என்றால் அவளைக் 'கண்டுபிடித்த' பெருமை கண்டுபிடித்தவருக்கே. வனவிலங்கைப் படமெடுத்தவரின் கேமராவில் அடுத்து விழுந்தவள் ஒரு பெண், அவ்வளவுதான். கதை உடைய ரொம்ப நாள் ஆகவில்லை. இமான் வாய் திறந்து பேச ஆரம்பித்ததும் உடைந்துவிட்டது.

ஆனாலும் அந்தப் பொய்தான் அவரை ஒரே நாளில் பிரபலமாக்கியது என்பதையும் மறைக்கக் கூடாது. அவர் பொய்யின் வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார். வந்தபிறகு அதற்குள்ளேயே குடியிருக்க மறுத்தார். பல மாடல்களுக்கு இந்த இரண்டாவது பகுதி வாய்ப்பதில்லை. யாரோ எழுதிக்கொடுத்த கதாபாத்திரத்திலேயே நாலைந்து வருஷம் ஓட்டிவிட்டு, அது சலித்ததும் காணாமல் போய்விடுவார்கள்.

ஒரே ஒரு நாற்காலி

இமான் வந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். 1973 நவம்பரில் பாரிஸுக்குப் பக்கத்தில் வெர்சாய் அரண்மனையில் பிரெஞ்சு, அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர்களுக்கு இடையே ஒரு போட்டிபோல நடந்த நிகழ்ச்சியில், அமெரிக்கர்களின் மேடையில் கறுப்பின மாடல்கள் பலர் நடந்தார்கள். பாரிஸ் பிரமித்துப்போனது. 1974 ஆகஸ்டில் பெவர்லி ஜான்சன் அமெரிக்க 'வோக்' இதழின் அட்டையில் வந்தார். அந்த இதழின் அட்டையில் ஒரு கறுப்பினப் பெண் வருவது அதுதான் முதல் தடவை. கதவு அப்போதுதான் லேசாகத் திறந்திருந்தது.

லேசாகத் திறந்த கதவில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு சமயத்தில் ஒருவர்தான் நுழைய முடியும். கறுப்பின மாடலுக்கு என்று தொழிலில் ஒரே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். இமான் வந்ததும் பெவர்லி ஜான்சனின் இடத்தைப் பறிக்க வந்தவராகப் பத்திரிகைகள் அவரைச் சித்திரித்தன. வெள்ளை மாடல்கள் ஒரே இதழில் பத்துப் பேர் வந்தாலும் யாரும் யாரையும் பறித்ததாக எழுதமாட்டார்கள். கறுப்பினப் பத்திரிகையுலகிலும் ஒரு முணுமுணுப்பு இருந்தது: நீண்ட கழுத்து, கூரிய மூக்கு என்று வெள்ளையர் கண்ணுக்கு இதமாக இருப்பதால்தானே இவளைக் கொண்டாடுகிறார்கள் என்று. இருபது வயதுப் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் அடி. அந்த முணுமுணுப்பு முழுக்கத் தப்பும் இல்லை. தேர்ந்தெடுத்தவர்களின் ரசனையைப் பற்றி அது உண்மையைத்தான் சொன்னது. ஆனால் அதற்கான தண்டனை தேர்ந்தெடுக்கப்பட்டவரின் தலையில் விழுந்தது.

அமெரிக்காவின் நிற அரசியல் சோமாலியாவிலிருந்து வந்தவருக்குப் புதுசு. தன் ஊரில் எல்லாரும் கறுப்பு. அதனால் தன்னை அதுவரை 'கறுப்பு' என்று நினைத்துப் பார்க்கவேண்டிய அவசியமே இருந்ததில்லை என்று பின்னாளில் சொன்னார். சம்பள விஷயத்தில் அதை வேகமாகக் கற்றுக்கொண்டார். ஒரே வேலைக்குக் கறுப்பின மாடல்களுக்குக் குறைந்த ரேட் என்று தெரியவந்ததும், சமமான சம்பளம் தராத வேலைகளை ஏற்க மறுத்தார். பேரம் பேசும் சாமர்த்தியம் என்று மட்டும் இதைச் சுருக்கிவிட முடியாது. குடும்பம் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழப்பதைப் பார்த்த பெண் அவர். தன் மதிப்பை அடுத்தவர் தீர்மானிக்க விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சாம்பல் நிறம்

இப்போது அந்த டப்பாவுக்கு வருவோம்.

'வோக்' இதழுக்கான முதல் படப்பிடிப்பு. ஸ்டுடியோவில் இமானோடு ஒரு வெள்ளை மாடலும் இருந்தார். மேக்கப் கலைஞர் அவரை முடித்துவிட்டு இமானிடம் வந்தார். சொந்தமாக ஃபவுண்டேஷன் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டார். இமானுக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லையே? கலைஞரிடம் இருந்த எதுவும் இமானின் தோலுக்கு ஒத்துவரவில்லை. இருப்பதையெல்லாம் கலந்து ஏதோ பூசினார். கண்ணாடியில் பார்த்தால் முகம் சாம்பல் பூத்திருந்தது.

ஃபவுண்டேஷன் என்பது முகத்தின் நிறத்தைச் சீராக்க முதலில் போடும் பூச்சு. அது தோலின் நிறத்தோடு கரைந்துபோக வேண்டும். வெளிர் தோலுக்குச் செய்த பூச்சை அடர்நிறத் தோலில் போட்டால் மாவு தூவியதுபோல வெளிறித் தெரியும். வெறுமனே கறுப்புச் சாயத்தைச் சேர்த்தாலும் உதவாது. கரிய தோலுக்கு அடியில் சிவப்பு, மஞ்சள், பொன் என்று பல சாயல்கள் ஓடும். அவற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால் முகம் உயிரில்லாமல் சாம்பலாகிவிடும். அப்போது பெரும்பாலான நிறுவனங்கள் அந்தக் கணக்கையே போடவில்லை. கறுப்பினப் பெண்களுக்கான பிராண்டுகள் இல்லாமல் இல்லை. 'ஃபேஷன் ஃபேர்' 1973இலேயே வந்துவிட்டது. ஆனால் பெரிய இதழ்களின் மேக்கப் பெட்டிகளுக்குள் அவை நுழைந்திருக்கவில்லை.

இமான் என்ன செய்தார்? கடைக்குப் போய்க் கிடைத்த ஃபவுண்டேஷன்களை வாங்கினார். வீட்டில் உட்கார்ந்து ஒன்றோடு ஒன்று கலந்தார். பூசிப் பார்த்தார். போலராய்டில் படம் எடுத்துப் பார்த்தார், ஏனென்றால் கண்ணாடியில் சரியாகத் தெரிவது கேமராவில் சரியாக வராது. பிடிபடும்வரை இதையே செய்தார். அதன்பிறகு எந்தப் படப்பிடிப்புக்குப் போனாலும் தன் கலவையைக் கைப்பையில் கொண்டுபோனார்.

மற்ற மாடல்கள் முகத்தோடு வந்தால் போதும். இவர் முகத்துக்கான நிறத்தையும் தயாரித்துக்கொண்டு வரவேண்டும். சம்பளமில்லாத இரண்டாவது வேலை. ஆனால் அந்த வேலையில் அவர் ஒரு தொழிலையே கற்றுக்கொண்டிருந்தார்.

முகம் யாருக்குச் சொந்தம்?

மாடலிங்கின் பொருளாதாரம் விசித்திரமானது. படம் புகைப்படக்காரருக்குச் சொந்தம். உடை வடிவமைப்பாளருக்குச் சொந்தம். இதழ் பதிப்பகத்துக்கு. ஏஜென்சிக்குக் கமிஷன். இத்தனைக்கும் நடுவில் நிற்கும் பெண்ணுக்கு அன்றைய கூலி. அவருடைய மூலதனமோ நாளுக்கு நாள் தேய்வது. ஆக, நீண்டு நிற்க விரும்பும் மாடல் ஏதாவது ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்டே ஆகவேண்டும்.

இமானுக்கு முன்னால் இதைப் புரிந்துகொண்டவர்கள் உண்டு. லாரன் ஹட்டன் 1973இல் ரெவ்லான் நிறுவனத்தோடு பெரிய பிரத்யேக ஒப்பந்தம் போட்டு, மணிக்கணக்குக் கூலியிலிருந்து வருடக்கணக்கு ஒப்பந்தத்துக்கு வழிகாட்டினார். கறுப்பின மாடல்களில் முன்னோடியான நேயோமி சிம்ஸ், அதே 1973இல் மாடலிங்கையே விட்டுவிட்டு விக் தயாரிக்கும் தொழிலில் இறங்கினார். கறுப்பினப் பெண்களின் முடிக்குப் பொருந்தும் விக் சந்தையில் இல்லை என்பதைக் கவனித்ததிலிருந்து பிறந்தது அந்த வியாபாரம். இல்லாமையைப் பார்த்து எரிச்சல்படுவதோடு நிற்காமல், அங்கே ஒரு கடை போடலாம் என்று யோசிப்பது. இமான் பின்னால் போனதும் அந்தப் பாதையில்தான்.

அதற்கு முன்பு இமானின் மாடலிங் வாழ்க்கை உச்சத்துக்குப் போனது. ஹால்ஸ்டன், வெர்சாச்சி, கால்வின் க்ளைன், இஸ்ஸே மியாக்கே என்று பலருக்கு நடந்தார். இவ் சான் லொரான் அவரை மனதில் வைத்தே ஆப்பிரிக்கச் சாயலில் ஒரு தொகுப்பை உருவாக்கினார். 1983இல் நியூயார்க்கில் அவர் போன டாக்சி விபத்துக்குள்ளானது. முக எலும்புகள் முறிந்தன. அறுவைசிகிச்சை தேவைப்பட்டது. முகத்தை நம்பிப் பிழைப்பவருக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேறு இல்லை. குணமாகித் திரும்பி வந்தார், மேலும் சில ஆண்டுகள் நடந்தார். 1989இல், இன்னும் அழைப்பு இருக்கும்போதே, மாடலிங்கிலிருந்து தானாகவே விலகினார்.

1992 அவர் வாழ்க்கையில் இரண்டு விதத்தில் முக்கியமான வருஷம். டேவிட் போவியைத் திருமணம் செய்துகொண்டார். அதே ஆண்டு, உள்நாட்டுப் போரிலும் பஞ்சத்திலும் சிதைந்துகிடந்த சோமாலியாவுக்கு பிபிசி ஆவணப்படக் குழுவோடு திரும்பிப் போனார். 1975இல் அவருடைய ஊரைப் பற்றிய கதையை வேறொருவர் சொன்னார், அதுவும் பொய்யாக. பதினேழு வருஷம் கழித்து அவரே கேமராவைக் கூட்டிக்கொண்டு போனார்.

'போவி மனைவி என்பதால்தானே இந்தப் புகழ்' என்று சிலர் இப்போதும் சொல்வதுண்டு. தேதிகளைப் பார்த்தால் போதும். கல்யாணத்துக்கு முன்பே பதினான்கு வருஷ மாடலிங் வாழ்க்கையை முடித்துவிட்டு ஓய்வும் பெற்றிருந்தார்.

களிமண், மணல், பூமி

1994இல் 'இமான் காஸ்மெடிக்ஸ்' தொடங்கியது. வருஷக்கணக்காகச் சொந்த முகத்தில் பரிசோதித்த கலவைதான் அதன் அஸ்திவாரம். நான்கு வகை ஃபவுண்டேஷன், பதினான்கு நிறங்கள். நிறங்களுக்கு வைத்த பெயர்கள் மணல், களிமண், பூமி என்று மண்ணின் பெயர்கள். வாங்குபவரின் இனத்தைக் கேட்காத பெயர்கள். கறுப்பினப் பெண்களுக்கு மட்டும் என்றும் அவர் வைக்கவில்லை. ஆப்பிரிக்கர், லத்தீன் அமெரிக்கர், ஆசியர் என்று மாநிறத்திலிருந்து கருநிறம்வரை யாராக இருந்தாலும் தன் வாடிக்கையாளர் என்றார். சோமாலியப் பெண்ணுக்கும் மெக்சிகப் பெண்ணுக்கும் இந்தியப் பெண்ணுக்கும் ஒரே நிற டப்பா பொருந்தலாம். இது வியாபாரத் தந்திரம்தான், சந்தேகமில்லை. ஆனால் தோலை இனத்திலிருந்து பிரித்துப் பார்த்த தந்திரம்.

விலையிலும் ஒரு முடிவு எடுத்தார். பெரிய கடைகளின் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் வைக்கும் ஆடம்பரப் பொருளாக அதை மாற்றவில்லை. பின்னாளில் மருந்துக் கடைகளிலும் கிடைத்தது. ஃபவுண்டேஷன் 15 டாலருக்குள். 2010 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 25 மில்லியன் டாலர் வியாபாரமாக வளர்ந்திருந்தது. 2007இல் தொலைக்காட்சி விற்பனைச் சேனல் ஒன்றில் 'குளோபல் சிக்' என்ற பெயரில் உடை, நகை, பை விற்க ஆரம்பித்தார். ஃபேஷன் உலகத்தில் டிவியில் பொருள் விற்பதை மட்டமாகப் பார்ப்பார்கள். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. 2010இல் அமெரிக்க வடிவமைப்பாளர் சங்கம் ஃபேஷன் ஐகான் விருதைக் கொடுத்தது அதே விற்பனைக்காரருக்குத்தான்.

இதை நாம் கொஞ்சம் நம்மூர்க் கண்ணோடும் பார்க்கலாம். இமான் நியூயார்க்கில் இறங்கிய அதே 1975இல்தான் இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்தது. இரண்டும் ஒரே தவிப்பிலிருந்து காசு பார்த்த வியாபாரங்கள்: என் தோல் சரியாக இல்லையோ என்ற தவிப்பு. ஒன்று, நிறத்தை மாற்றிக்கொள் என்றது. இன்னொன்று, நிறம் இருக்கட்டும், டப்பாவை மாற்றுகிறேன் என்றது. முதல் டப்பா தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுக்க 2020வரை ஆனது.

ஒப்பனைப் பொருள் விற்பதைப் பெரிய விடுதலைப் போராட்டமாகச் சித்திரிக்க வேண்டியதில்லை. பூச்சே வேண்டாம் என்று சொல்லும் பெண்ணுக்கு இமானிடம் விற்க ஒன்றும் இல்லை. ஆனால் பூசிக்கொள்ள விரும்பிக் கடைக்குப் போய், தன் நிறம் எந்த டப்பாவிலும் இல்லை என்று தெரிந்து திரும்பிவருகிற பெண்ணின் மனசு என்ன பாடுபடும் என்று அவருக்குத் தெரியும். நீ வருவாய் என்று நாங்கள் நினைக்கவே இல்லை என்பதைத்தான் அந்தக் கடை அவளிடம் சொல்கிறது.

நாற்காலிகளைக் கூட்டுவது

பெவர்லி ஜான்சனோடு மோதவிடப்பட்ட அந்த ஒற்றை நாற்காலியை இமான் மறக்கவில்லை. 1988இல் முன்னாள் மாடலும் ஏஜென்ட்டுமான பெத்தன் ஹார்டிசனோடு சேர்ந்து கறுப்பின மாடல்களுக்கான ஓர் அமைப்பை உருவாக்கினார். போட்டியாளர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். 2013 செப்டம்பரில் ஹார்டிசன், இமான், நேயோமி கேம்ப்பெல் மூவரும் நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் ஃபேஷன் அமைப்புகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் விஷயமாகக் கைகோத்தார்கள். எந்தெந்த வடிவமைப்பாளர்கள் கறுப்பின மாடல்களைச் சேர்ப்பதே இல்லை என்று பெயர் சொல்லிப் பட்டியல் போட்டார்கள். நோக்கம் எதுவாக இருந்தாலும் விளைவு இனவெறிதான் என்பது அவர்கள் வாதம். இளம் மாடல் அப்படிப் பேசினால் மறுநாள் வேலை போய்விடும். இமானால் பேச முடிந்தது, அவருடைய சோறு அவர்கள் கையில் இல்லாததால். கடை சொந்தமாக இருப்பதன் அர்த்தம் இதுவும்தான்.

2019இல் 'கேர்' என்ற சர்வதேச உதவி அமைப்பு அவரைத் தன் உலகளாவிய தூதராக்கியது. அகதியாக எல்லை தாண்டிய பெண்ணின் அனுபவத்தை அதில் பயன்படுத்தினார். போவி 2016 ஜனவரியில் இறந்தபின் சில காலம் ஒதுங்கியிருந்தார். 2021இல் அவர் நினைவாக ஒரு வாசனைத் திரவியத்தோடு திரும்பினார். 2023 ஜனவரியில், 67 வயதில், பிரிட்டிஷ் 'வோக்' அட்டையில் இருந்தார்.

வெற்றிக் கதை என்று இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் நடுவில் ஒரு விஷயம் நடந்தது. 2015இல் தென்சூடானிலிருந்து வந்த நைகோர் பால் என்ற மாடல் இன்ஸ்டாகிராமில் கோபமாக ஒரு பதிவு போட்டார். வெள்ளை மாடல்கள் எதுவும் கொண்டுவராமல் வந்து உட்காரும்போது, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நான் மட்டும் ஏன் என் சொந்த மேக்கப்பைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்பது அவர் கேள்வி. இமானிடம் கேட்ட கேள்விக்கும் இதற்கும் இடையில் ஏறக்குறைய நாற்பது வருஷம். இமானின் நிறுவனம் வந்து இருபது வருஷம் கடந்திருந்தது. கடையில் டப்பா வந்துவிட்டது. ஸ்டுடியோவின் மேக்கப் பெட்டிக்குள்தான் வரவில்லை. 2017இல் ரிஹானாவின் நிறுவனம் நாற்பது நிறங்களோடு இறங்கி அமோகமாக விற்றபிறகுதான் மற்ற பெரிய நிறுவனங்கள் அவசர அவசரமாகத் தங்கள் அலமாரிகளை அகலப்படுத்தின.

இமானின் ஐம்பது வருஷத்தைப் பார்த்து அவரைப்போல நாமும் கெட்டிக்காரராக இருக்கவேண்டும் என்று பாடம் படிக்கலாம். தப்பில்லை. விலை கேட்கத் தெரிய வேண்டும், ஏதாவது ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், போட்டியாளர் என்று காட்டப்படுகிறவரோடு பேச வேண்டும். ஆனால் அந்த டப்பாவை அவர் கைப்பையில் கொண்டுபோக வேண்டியிருந்ததே, அது அவருடைய பொறுப்பாக இருந்திருக்கக் கூடாது. மேக்கப் போடுவதற்கென்று சம்பளம் வாங்கிய ஒருவர் அந்த அறையில் இருந்தார்.